ஆறு முதல் இருபது வரை

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் அறைகளில் டிரெட்மில்லுக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். 6லிருந்து 20 வரை எண்கள். இடையிடையே 'மிக லேசு', 'கொஞ்சம் சிரமம்', 'மிகவும் சிரமம்' என்று எழுதியிருப்பார்கள். நடந்துகொண்டே, உடம்பு படும் பாட்டுக்கு ஏற்ற எண்ணைச் சொல்ல வேண்டும். மாற்று இதயத்தோடு நடப்பவருக்கு நாடித்துடிப்பைவிட இந்தத் தாள்தான் நல்ல வழிகாட்டி. அதன் முதல் வடிவம் பிறந்தபோதோ மாற்று இதயத்தோடு வாழும் மனிதர் ஒருவர்கூட உலகில் கிடையாது.

1950களின் பிற்பகுதி. வடக்கு ஸ்வீடனில் உமியோ நகரம். குன்னர் போர்க் என்ற உளவியலாளரும் ஹான்ஸ் டால்ஸ்ட்ரோம் என்ற மருத்துவரும் ஆட்களைச் சைக்கிள் மிதிக்க வைத்து ஆராய்ந்தார்கள். மிதிக்கும் வேலையின் அளவைக் கருவி சொல்லிவிடும். மிதிப்பவர் உணரும் சிரமத்தை எதைக் கொண்டு அளப்பது? அதற்காக ஓர் அளவுகோலை உருவாக்கிய போர்க், 1962இல் தன் ஆய்வை நூலாக்கினார். முதலில் அதில் 21 படிகள் இருந்தன. பிறகு அதைத் திருத்தி 6இல் தொடங்கி 20இல் முடித்தார். ஆரோக்கியமான இளைஞர் ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 அளவில் இருக்கும், உச்ச உழைப்பில் 200ஐ எட்டும். அவர் சொல்லும் எண்ணோடு ஒரு சுழியைச் சேர்த்தால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வந்துவிடும். 13 என்றால் 130. விசித்திரமாகத் தெரியும் அந்த ஆறுக்குக் காரணம் இதுதான்.

அதே காலத்தில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் டொனால்டும் ஜான் ஷெப்பர்டும் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத இதயம் ஓட்டத்தைத் தாங்குமா? பந்தயத்துக்குப் பழக்கிய கிரேஹவுண்ட் நாய்களின் இதய நரம்புகளைத் துண்டித்துவிட்டு ஓட விட்டார்கள். 1964இல் வெளியான முடிவு யாரும் எதிர்பாராதது: வேகம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. பிறகு அதே மாதிரி நாய்களுக்கு, அட்ரினலின் இதயத்தில் வேலை செய்யாதபடி தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது ஓட்டம் தளர்ந்துபோனது. நரம்பு இல்லாத குறையை ரத்தத்தில் வரும் அட்ரினலின் ஈடுகட்டியிருக்கிறது.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். நாய்களிடம் கண்டது இப்போது மனிதருக்கும் பொருந்தியது. இதயத்தை எடுக்கும்போது நரம்புகளையும் வெட்டித்தான் ஆக வேண்டும். ரத்தக் குழாய்களைத் தைக்கலாம், நரம்புகளைத் தைக்க முடியாது. துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பு இல்லாததால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். எழுந்து நடந்தால் உடனே ஏறாது; அட்ரினலின் வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும். நடை நின்ற பிறகும் சட்டென்று இறங்காது. அதனால் மெதுவாகத் தொடங்கி மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும். நாடியைப் பிடித்துப் பார்த்து 'இன்னும் வேகமாக நட', 'போதும், நில்' என்று சொல்வதற்கு வழியில்லை. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். சுழி சேர்க்கும் கணக்கு அங்கே உதவாது. ஆனால் 12, 13 என்று அவர் வாயால் வரும் எண் உதவும்.

இந்தத் தாளின் அருமையை நான் புரிந்துகொண்டது பெரியம்மாவைப் பார்த்துத்தான். மலேசியாவில் பத்து காஜாவை அடுத்த ரப்பர் தோட்டத்தில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய், நிரை பிடித்து, பால் வெட்டி, காண்டா என்ற தோள்கழியில் வாளிகளைச் சுமந்தே காலம் தள்ளியவர். அவருக்கு நடந்தது பைபாஸ்தான். ஆனால் நாடியை அடக்கும் மாத்திரை சாப்பிட்டதால், அவருக்கும் நாடியை நம்ப முடியாத நிலை. பயிற்சி தரும் பையன் தாளைக் காட்டி, "எத்தனை ஆன்ட்டி?" என்றான். பெரியம்மா எண்ணைப் பார்க்கவே இல்லை. "காண்டாவுல ரெண்டு வாளிப் பாலோட ஸ்டோருக்கு நடக்குற மாதிரி இருக்குப்பா. மேடு இன்னும் வரல." பையன் சிரித்துக்கொண்டே 13 என்று குறித்துக்கொண்டான். எவ்வளவு துல்லியம்! எந்த மரத்தில் மூச்சை வாங்கிக்கொள்ள வேண்டும், எந்த மேட்டில் வாளியை இறக்கி வைக்க வேண்டும் என்று உடம்பைக் கேட்டே பிழைத்தவர்களுக்கு இந்த அறிவு புதிதல்ல. போர்க் அதற்கு எண் கொடுத்தார். அதற்காகவே அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மாற்று இதயக்காரர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் கனடாவில் டெரன்ஸ் கவானா காட்டினார். மாரடைப்பு வந்தவர்களை மாரத்தான் ஓடப் பழக்கியவர் அவர். மாற்று இதயத்தோடு மாரத்தான் ஓடிய ஒருவரைப் பற்றி அவர் குழு 1986இல் எழுதியது. 1999இல் கலிபோர்னியாவில் ஜான் கோபாஷிகாவாவின் குழு 27 பேரை இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தது. முறையான பயிற்சி பெற்றவர்கள் உச்ச உழைப்பில் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் அளவு 49 சதவீதம் கூடியது; முறைப்படுத்தாத வீட்டுப் பயிற்சியோடு விடப்பட்டவர்களுக்கு 18 சதவீதம்தான். இதயத்தை மாற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நெடுநாள் படுக்கையாலும் ஸ்டீராய்டு மருந்தாலும் தேய்ந்துபோன தொடைத் தசைகளைத் திரும்ப வளர்ப்பது பாதி வேலை. அறுவை சிகிச்சையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம் இதை எழுதுவதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம்தான்.

மலேசியாவில் முதல் மாற்று இதயம் 1997 டிசம்பரில் கோலாலம்பூரின் தேசிய இதயக் கழகத்தில் பொருத்தப்பட்டது. பத்து காஜாவிலிருந்து ரயிலேறினால் கோலாலம்பூர் சில மணி நேரம்தான். ஆனால் பயிற்சி வாரத்தில் சில நாள், மாதக் கணக்கில் நடக்க வேண்டியது. அது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால்தான் தோட்டத்துச் சனம் விடாமல் போகும்.

வெட்டுண்ட நரம்புகளில் சில, ஓராண்டுக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்க்கின்றன. அப்படித் துளிர்த்தவர்கள் கூடுதல் நேரம் உழைக்க முடிவதை மியூனிக்கில் பிராங்க் பெங்கலின் குழு 2001இல் காட்டியது. யாருக்கு, எப்போது, எவ்வளவு துளிர்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் அவர்களிடமும் நாடியைப் பார்த்த கையோடு, "எத்தனை?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.