சாரதியின் தலையில் விழுந்த சுமை

திருகோணமலைத் துறைமுகத்தில் சாமான் ஏற்றும் லொறியின் சாரதி, பின்னால் நின்றவனைக் கவனியாது மோதிவிட்டால் நட்டஈடு யார் தலையில்? வேலையின்போது நேர்ந்த தவறுக்கு முதலாளியே பொறுப்பு என்போம். அது பாதி உண்மையே.

பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபரில் நம்மிடம் கைமாறியது. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன் இலண்டன் பிரபுக்கள் சபை விசித்திரமான தீர்ப்பொன்றை அளித்தது. 1949இல் ரொம்போர்ட் ஐஸ் கம்பனியின் லொறியைப் பின்னோக்கிச் செலுத்திய சாரதி லிஸ்டர், உடன் வேலைசெய்த தன் தந்தையையே மோதிவிட்டான். தந்தைக்குத் தீர்ப்பான 1600 பவுணை மீட்க, காப்புறுதிக்காரர் முதலாளியின் பெயரால் மகன்மீதே வழக்குத் தொடுத்தனர். கவனமாக ஓட்டுவதென்ற, ஒப்பந்தத்தில் எழுதப்படாத வாக்குறுதியை அவன் மீறினானாம்! ஐவரில் மூவர் கம்பனியின் பக்கமே நின்றனர்.

ஆபத்தைத் தாங்கவென்றே கட்டணம் வாங்கியவர், கூலியாளிடம் கைநீட்டுவது என்ன நியாயம்? கண்டனம் எழவே, சதியோ வேண்டுமென்றே செய்த தீங்கோ இருந்தாலன்றித் தொழிலாளியிடம் மீளக் கேட்பதில்லை என்று பிரித்தானியக் காப்புறுதிக் கம்பனிகள் உடன்பட்டன. அது கனவான்களின் வாக்கு, சட்டமன்று. அவுஸ்திரேலியாவோ 1984இல் இத்தகைய பாதுகாப்பைச் சட்டமாகவே எழுதியது.

கருணையை நாளை மறுக்கலாம். எழுதப்பட்ட உரிமையை மறுப்பது எளிதன்று. துறைமுகத் தொழிலாளியும் அவனது சங்கமும் ஒப்பந்தத்தில் முதலில் தேடவேண்டியது அந்த ஒரு வரியையே.