வெப்ப அழிப்புச் சிகிச்சையும் மீயொலி மீள்மைப் படிமவியலும்

கல்லீரல் போன்ற உறுப்புகளில் உள்ள கட்டியை அறுத்து எடுக்காமல், இருந்த இடத்திலேயே சூடேற்றி அழிப்பது வெப்ப அழிப்புச் சிகிச்சை ஆகும். மருத்துவர்கள் இதனை அப்லேஷன் என்பர். சூட்டினால் அழிந்த பகுதி எதுவரை பரவியுள்ளது என்பதைத் திசுவின் விறைப்பைக் கொண்டு காட்டும் முறை மீயொலி மீள்மைப் படிமவியல் ஆகும். எலாஸ்டோகிராபி என்றும் இது அழைக்கப்படுகிறது.

விரல்களின் அறிவு

உடலைத் தொட்டு, அழுத்தி நோயறிவது மிகப் பழைய முறை. பண்டைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியிலேயே கையால் தடவிச் சோதிக்கும் முறை கூறப்பட்டுள்ளது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யும் மருத்துவர் கல்லீரலை விரல்களால் அழுத்திக் கட்டியின் எல்லையை உணர முடியும். ஊசி வழிச் சிகிச்சையில் இந்த வாய்ப்பு இல்லாமல் போனது. 1990இல் அமெரிக்காவில் மெக்காஹன் குழுவினரும் இத்தாலியில் ரோஸ்ஸி குழுவினரும் தனித்தனியே, கல்லீரல் திசுவை ரேடியோ அலை மின்னோட்டத்தால் சூடேற்றி அழிக்கும் ஆய்வுகளை வெளியிட்டனர்.

எல்லை அறியும் சிக்கல்

திசு ஏறத்தாழ 60 பாகை செல்சியசை எட்டும்போது அதன் புரதங்கள் விரைவில் உறைந்து, செல்கள் இறக்கின்றன. கட்டியுடன் அதைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான திசுவையும் சேர்த்து அழிப்பதே பொதுவான நோக்கம். குறைவாகச் சுட்டால் எஞ்சிய புற்றுசெல்கள் மீண்டும் வளரும். மிகுதியாகச் சுட்டால் பித்தநாளமோ குடலோ பாதிக்கப்படலாம். அருகில் பெரிய இரத்தக்குழாய் இருந்தால், ஓடும் இரத்தம் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் அந்தப் பக்கம் போதிய சூடு ஏறாது.

வழக்கமான மீயொலிப் படம் இங்கே முழுமையாக உதவுவதில்லை. சூட்டில் உண்டாகும் வளிமக் குமிழ்கள் திரையில் வெண்மேகம் போலப் பரவிப் பின்னர் மறைகின்றன. அந்த வெண்மையும் உண்மையில் அழிந்த பகுதியும் ஒன்றாக இருப்பதில்லை.

விறைப்பு படமாகிறது

முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் கெட்டியாவது போல, சூட்டில் உறைந்த திசுவும் விறைக்கிறது. இந்த மாற்றத்தைப் படமாக்க வழி வகுத்தது, 1991இல் ஹூஸ்டன் நகரில் ஜொனாதன் ஓஃபிர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. திசுவைச் சிறிதளவு அழுத்தி, அழுத்தும் முன்னும் பின்னும் கிடைத்த எதிரொலிகளை அவர்கள் ஒப்பிட்டனர். மென்மையான பகுதி அதிகமாகவும் விறைப்பான பகுதி குறைவாகவும் நசுங்கும் என்பதே இதன் அடிப்படை.

1998, 1999ஆம் ஆண்டுகளில் வெப்பத்தால் உண்டான புண்களை இம்முறையில் படமாக்கிய ஆய்வுகள் வெளிவந்தன. விலா எலும்புகளின் அடியில் இருக்கும் கல்லீரலை வெளியிலிருந்து சீராக அழுத்துவது கடினம். எனவே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாமி வர்கீஸ் குழுவினர், சிகிச்சைக்காகச் செருகிய ஊசியையே சற்று அசைத்துப் படமெடுக்கும் முறையை உருவாக்கினர். இதனால், சுடும் கருவியே தொட்டறியும் விரலாகவும் ஆனது.

அழுத்தாமல் அளத்தல்

அடுத்து, மீயொலித் துடிப்பின் விசையாலேயே திசுவைத் தள்ளும் முறைகள் வந்தன. 1998இல் அர்மென் சர்வாசியன் குழுவினர் இக்கருத்தை முன்வைத்தனர். டியூக் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் நைட்டிங்கேல் குழுவினர் இத்துறையை வளர்த்தனர். 2004இல் பாரிசில் பெர்கோஃப், தாந்தெர், ஃபிங்க் ஆகியோர், இவ்விசையால் உண்டாகும் சறுக்குப்பெயர்ச்சி அலையை நொடிக்குப் பல ஆயிரம் படங்களாகப் பதிவு செய்தனர். விறைப்பான திசுவில் இந்த அலை வேகமாகச் செல்லும். வேகம் இரு மடங்கானால், மீட்சிக் குணகம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று பொருள்.

குவிந்த மீயொலியால் கட்டியைச் சுடும் சிகிச்சையில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசா கோனோஃபாகு குழுவினர் அதே கற்றையால் திசுவை அதிரச் செய்து, சுடும்போதே மாற்றத்தைக் கண்காணித்தனர். திசு விறைக்கும்போது அதிர்வின் வீச்சு குறைகிறது.

வரம்புகள்

கல்லீரல் இழைநார் வளர்ச்சி உள்ளவர்களின் கல்லீரல் முன்பே விறைத்திருக்கும். பல கட்டிகளும் அப்படியே. எனவே சிகிச்சைக்கு முந்தைய படத்துடன் ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும். மூச்சின் அசைவும் குமிழ்களும் கட்டியின் ஆழமும் அளவீட்டைப் பாதிக்கின்றன. மேலும், விறைப்பு செல்லின் இறப்பை நேரடியாகக் காட்டுவதன்று. சுட்ட பகுதியின் விளிம்பில் இரண்டும் முழுமையாகப் பொருந்தாமல் போகலாம். ஆகவே சிகிச்சைக்குப் பின் மாறுபடு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்களுக்கு இது மாற்றாகாது. ஆனால் அப்படங்கள் பெரும்பாலும் ஊசியை எடுத்த பிறகே கிடைக்கின்றன. ஊசி உள்ளே இருக்கும்போதே விடுபட்ட இடத்தைக் காட்டினால், அதே அமர்வில் மீண்டும் சுட முடியும். மீள்மைப் படிமவியலின் பயன் அங்கேதான் உள்ளது.