தந்தை கண்ட இழையும் மைந்தன் கண்ட உண்மையும்

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19ஆந் திகதி, இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் எல்லையாயமைந்த அல்ப்ஸ் மலைமுடியொன்றிலே, கடல் மட்டத்துக்கு 3,210 மீற்றர் உயரத்தில், மலையேறச் சென்ற இருவர் உருகிய பனிக்கட்டியிடையே மனித உடலொன்றைக் கண்டனர். அண்மையில் இறந்தவனொருவனது உடலென்றே முதலில் எண்ணினர். ஆயின், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனது உடல் அதுவென ஆராய்ச்சி காட்டிற்று. செப்புக் கோடரியும் வில்லும் அம்பறாத்தூணியும் கொண்டு சென்ற அம்மனிதனிடம் இருவகைக் காளான்களும் இருந்தன. ஒன்று பேர்ச் மரத்திலே வளர்வது. அதன் இரு துண்டுகளைத் தோல்வாரிற் கோத்து வைத்திருந்தான். மற்றையது, தீக்கல்லின் பொறியை ஏற்றுக் கனன்றுகொண்டிருக்கும் இயல்புடைய தீக்காளான். அதை இடுப்புப் பையில் வைத்திருந்தான். எழுத்தறியா அக்காலத்திலும் மலைக்காட்டு மனிதன் இக்காளான்களை இனம் பிரித்தறிந்திருந்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இவை மழைக்குப்பின் குடைபோல் விரிந்து ஓரிரு நாளில் அழிந்துபோகும் காளான்கள் அல்ல. மரத்தின் பக்கத்திலே, சுவரிற் பொருத்திய தட்டுப்போல நீட்டிக்கொண்டு நிற்பவை. அவற்றுட் பல கட்டைபோல் இறுகி ஆண்டுக்கணக்கில் வளர்பவை. இவற்றைத் தட்டுக் காளான்கள் எனலாம். கீழ்ப்புறத்தை நோக்கின், பெரும்பாலானவற்றில் ஊசியாற் குத்தினாற்போல எண்ணற்ற நுண்டுளைகள் காணப்படும். அத்துளைகளிலிருந்தே வித்திகள் என்னும் நுண்பொடி காற்றிலே உதிர்கிறது.

தட்டுக் காளான் தோன்றிய மரத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே மரம் உளுத்திருக்கும். இதனை உழவனும் விறகுவெட்டியும் பண்டு தொட்டே அறிவர். ஆனால், உளுத்தமையாற் காளான் வந்ததா, காளான் வந்தமையால் உளுத்ததா? சிறு வினாப்போலத் தோன்றும் இதற்கு விடை காண மனித குலத்துக்கு ஈராயிரம் ஆண்டுகள் வேண்டியிருந்தன.

கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியொஸ்கோரிதீசு, மருந்தாகப் பயன்பட்ட மரக்காளானொன்றைப் பற்றி எழுதியபோது, அது வேரோ, உளுத்த மரத்திலே தோன்றும் பொருளோ என இருவேறு கருத்துக்கள் நிலவியதைக் குறித்துச் சென்றார். பதினாறாம் நூற்றாண்டின் ஜேர்மன் மூலிகை நூலாசிரியர் ஹியரொனிமசு பொக், காளான்கள் பூவுமல்ல, விதையுமல்ல, மண்ணினதும் மரத்தினதும் மிகையான ஈரமே அவ்வாறு திரள்கிறது என்றார். இத்தாலியரான மிக்கேலி 1729ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில், காளானின் வித்திகளைத் தாம் கண்டதையும், அவற்றை விதைத்து மீண்டும் வளர்த்ததையும் எடுத்துரைத்தார். 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயசு தீக்காளானுக்கு இலத்தீனிலே பெயரிட்டார்; 1821இல் அதே நாட்டினரான பிறீசு காளான்களை வகுத்து நிரைப்படுத்தும் பெருநூலை வெளியிடத் தொடங்கினார். பெயர்கள் பெருகின, வகுப்புக்கள் சீர்பெற்றன. ஆயினும் மரத்தினுள்ளே நிகழ்வது யாது என்னும் வினா விடையின்றியே நின்றது.

அவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஜேர்மன் நாடுகளில் வனவியல் ஒரு தனிக்கலையாக வளர்ந்து வந்தது. மலைச்சரிவுகளிலே ஸ்புரூஸ், பைன் முதலிய ஊசியிலை மரங்களைப் பெரும் பரப்பில் ஒரே வயதினவாக நட்டு வளர்த்தனர். ஒரு மரம் வெட்டும் பருவத்தை எய்த எண்பது, நூறு, நூற்றிருபது ஆண்டுகள் செல்லும். பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டுவான். அவ்வாறு வெட்டும் நாளில் அடிமரம் உள்ளே உளுத்திருக்கக் கண்டால் மூன்று தலைமுறையின் உழைப்பு வீணாகும். உளுப்புக்கு மண்ணும் ஈரமும் முதுமையுமே காரணம், காளான் அதன் விளைவே எனக் கொண்டால், வனக்காவலன் கைகட்டி நிற்பதன்றிச் செய்யத்தக்கது வேறில்லை.

இவ்விடயத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளே வரலாற்றில் இடம்பெறுகின்றன. பாட்டனார் கெயோர்க் லுட்விக் ஹார்ட்டிக், 1811 முதல் பேர்லினிலிருந்து பிரசிய நாட்டு வனங்களை நிருவகித்தவர். அவர் மைந்தர் தியோடர் ஹார்ட்டிக், நுணுக்குக்காட்டியைக் காட்டுமரத்தின்பாற் செலுத்தியவர். 1833ஆம் ஆண்டிலே, உளுத்த மரத்தைச் சீவி நோக்கிய தியோடர், மரக் கலங்களிடையே மெல்லிய இழைகள் ஓடுவதைக் கண்டார். காளானின் உடலை அவர் நேரே கண்டுவிட்டார். ஆனால் கண்டதற்கு அவர் கொண்ட பொருள் வேறு. மரத்தின் கலங்களே உருமாறி அவ்விழைகளாகின்றன என்றும், உளுப்பினின்றே காளான் பிறக்கிறது என்றும் அவர் எழுதினார். அவ்விழைகளுக்கு இரவுக் காளான் எனப் பொருள்படும் பெயரையும் இட்டார். அவர் கண் தவறவில்லை. அக்காலத்து நம்பிக்கையே அவர் கருத்தைப் பிணித்திருந்தது. உயிரற்றதினின்று உயிர் தானே தோன்றும் என்பதை அறிஞர் பலர் அன்று ஒப்பியிருந்தனர்.

அந்நம்பிக்கை அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆட்டங்கண்டது. பிரான்சிலே பாஸ்ரர், உயிர் உயிரினின்றே தோன்றும் என்பதைப் பரிசோதனைகளால் நிறுவினார். ஜேர்மனியிலே அன்ரன் டி பாரி, உருளைக்கிழங்கை அழித்த நோய்க்கு நுண்ணுயிரொன்றே காரணமெனக் காட்டினார். இச்சூழலிலே வளர்ந்தவர்தான் தியோடரின் மைந்தர் றொபேட் ஹார்ட்டிக். 1839ஆம் ஆண்டு பிறவுன்சுவைக் நகரிலே பிறந்த அவர், எபர்ஸ்வால்டேயிலிருந்த வனவியற் கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, தந்தையார் விட்ட இடத்திலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

அவருடைய முறை எளியது, பொறுமையை வேண்டுவது. மரத்தின் புறத்தே நிற்கும் தட்டுக் காளானையும், அதனை அடுத்துள்ள உளுத்த மரத்தையும், அதற்கப்பால் நிறம் மட்டும் மாறிய மரத்தையும், அதற்கும் அப்பால் நலமாயுள்ள மரத்தையும் வரிசையாகச் சீவி நுணுக்குக்காட்டியில் நோக்கினார். புறத்தே நிற்கும் காளானின் இழைகளும் உள்ளே ஓடும் இழைகளும் இடையறாத ஒரே உடல் என்பது தெரிந்தது. நாம் காளானென்று காண்பது, மாமரத்துக்கு மாங்காய்போல, உள்ளே பரந்திருக்கும் உடலின் காய் மாத்திரமே. உளுப்பு நிகழ்வதும் இழை சென்ற வழியிலேயே என அவர் கண்டார். 1874இல் காட்டு மரங்களின் முதன்மையான நோய்களைப் பற்றிய நூலையும், 1878இல் ஊசியிலை மரங்களும் ஓக் மரமும் உளுக்கும் வகைகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். உளுப்புக் காளானைப் பெறவில்லை. காளானே உளுப்பைச் செய்கிறது என்பது நிலைநாட்டப்பட்டது. தந்தையார் தியோடர் 1880இலேயே காலமானார். தம் கொள்கை தம் மைந்தன் கையாலேயே தலைகீழாக்கப்பட்ட காலத்தில் அவர் உயிரோடிருந்தார்.

1878ஆம் ஆண்டு நூலின் மற்றொரு பயன், இனங் காணும் கலைக்கு அது தந்த புது வலிமையாகும். ஒவ்வொரு காளானும் மரத்தைத் தனக்கே உரிய வகையில் உளுக்கச் செய்கிறது என்பதை றொபேட் படங்களோடு விளக்கினார். ஆகவே புறத்தே நிற்கும் காளானை அறிந்தவன், மரத்தை வெட்டாமலே அதன் உட்புறத்தை அறியலாம்.

ஐரோப்பிய மலைக்காடுகளிற் காணும் சிலவற்றைப் பார்ப்போம். பீச் மரத்திலும் பேர்ச் மரத்திலும், குதிரைக் குளம்பின் வடிவாய், சாம்பல் நிறமாய், வளையம் வளையமாய் நிற்பது தீக்காளான். இது மரத்தை வெளிறச் செய்யும். ஸ்புரூஸ் முதலியவற்றில், விளிம்பையடுத்துச் செம்மஞ்சட் பட்டை தீட்டினாற்போல் விளங்குவது மற்றொன்று. இது மரத்தைக் கபில நிறமாக்கிச் சிறு சிறு கட்டிகளாய் வெடிக்கச் செய்யும். பேர்ச் மரத்தையன்றிப் பிறிதொன்றைப் பெரும்பாலும் நாடாதது, மேலே வழுவழுப்பாய்க் கீழே வெண்மையாய் ஒரே ஆண்டு வாழ்வது. பனிமனிதன் தோல்வாரிற் கோத்திருந்தது இதனையே. முதிர்ந்த பைன் மரங்களிலே, கிளை முறிந்த இடத்தருகே கபில நிறமாய்த் தோன்றுவது இன்னொன்று. அத்தகைய மரத்தின் வைரத்தைப் பிளந்தால் வெண்ணிறச் சிறு குழிகள் நிறைந்திருக்கும். வெள்ளி ஃபேர் மரத்திலே வளரும் ஒரு காளான், ஹார்ட்டிக்கின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பிற்கால இரசாயனம் தெளிவாக்கியது. மரத்தின் கலச்சுவர், செலுலோசு என்னும் நாரும், அதனை இறுகப் பிணிக்கும் இலிக்னின் என்னும் பொருளும் சேர்ந்தது. நாரைத் தின்று பிணிப்பை விட்டுச் செல்லும் காளானால் மரம் கபில நிறமாகி நொறுங்குகிறது. பிணிப்பையும் சிதைக்கவல்ல காளானால் மரம் வெளிறி நார் நாராகிறது.

ஆயினும், தட்டுக் காளான் யாவும் காட்டின் பகைவரென்று கொள்ளுதல் தவறு. பல, விழுந்த மரத்தையும் பட்ட கிளையையும் மாத்திரமே உண்பவை. அவை இல்லையெனில் காடுகள் தம் சருகாலும் கட்டையாலும் மூடுண்டுபோம்; மண்ணுக்குரிய சத்து மண்ணை அடையாது. எது துப்புரவாளன், எது கொல்லி எனப் பகுத்தறிவதற்காகவே இனங் காணுதல் வேண்டியிருக்கிறது.

கொல்லிகளுள் முதன்மையானது, ஸ்புரூஸ், பைன் மரங்களின் அடியிலே, சருகு மூடிய வேர்க்கழுத்தில், எளிதிற் கண்ணிற்படாது வளரும் காளான். றொபேட் ஹார்ட்டிக் இதற்கு வேரை அழிப்பது எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். நோயுற்ற வேர் நலமுள்ள வேரைத் தொடும் இடத்திலே இது மரத்துக்கு மரம் தாவுகிறது எனக் கண்டு, நோயுற்ற பகுதியைச் சுற்றி அகழி வெட்டித் தனிமைப்படுத்துமாறு அவர் கூறினார். காரணம் அறியப்பட்டதும் பரிகாரமும் பிறந்தது. ஆனால் இதே காளானுக்குப் பிறீசு 1821இலேயே வேறு பெயரிட்டிருந்தார். அப்பெயரே பின்னர் நிலைத்தது. 1951இலே இங்கிலாந்தின் றிஷ்பெத் என்பார், புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் முகத்திலே காற்றில் வரும் வித்திகள் விழுந்து முளைத்து, வேர்வழியே அயல் மரங்களுக்குச் செல்வதைக் காட்டினார். மரத்தை வெட்டும் கையே நோய்க்கு வாயிலைத் திறந்தது! அக்கட்டையின் மேல் தீங்கற்ற வேறொரு காளானை முன்கூட்டியே விதைத்துப் பகைக் காளானைத் தடுக்கலாமென 1963இல் அவரே விளக்கினார். ஒன்றென எண்ணிய இக்காளான் ஐரோப்பாவில் மூன்று இனங்களாகும் என்பதும், ஒவ்வொன்றும் தனக்கென மரத்தை விரும்புவது என்பதும் பின்னர் தெரியவந்தன. இனங் காணும் பணி முடிவுற்றதன்று.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1880ஆம் ஆண்டு மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆங்கிலேய அறிஞர் அதனை ஆராய இந்நாட்டுக்கு வந்தார். மண் வளமிழந்தமையும் காலநிலையுமே காரணமெனப் பேசியோர் நடுவே, காற்றில் வரும் வித்திகள் இலையில் முளைத்தே நோயை உண்டாக்குகின்றன என அவர் காட்டினார். மலைக்காட்டு மரத்தில் ஹார்ட்டிக் கண்ட உண்மையே மலைநாட்டுக் கோப்பி இலையிலும் வெளிப்பட்டது. 1882இல் அவர் நாடு திரும்பினார். பின்னர், ஹார்ட்டிக்கின் மரநோய்ப் பாடநூல் 1894இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சொமர்வில் செய்த அம்மொழிபெயர்ப்பைத் திருத்திப் பதிப்பித்தவர் இதே வார்ட் ஆவார்.

1905இலே பேராதனைக்கு வந்த தொம் பெற்ச், தேயிலை, இறப்பர் ஆகியவற்றின் வேர்நோய்களை ஆராய்ந்தார். காடு வெட்டியபின் நிலத்தில் விடப்பட்ட அடிக்கட்டைகளிலே தட்டுக் காளான் இனத்தவையும் அவற்றின் சுற்றத்தவையும் வளர்ந்து, வேரோடு வேர் தொட்டுப் பயிரைக் கொல்கின்றன என அவர் எடுத்துரைத்தார். கட்டையை அகற்றுதலும் அகழி வெட்டுதலும் தோட்டங்களின் வழக்காயின. தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றிய அவர் நூல் 1923இல் வெளிவந்தது. பிஸ்பியுடன் சேர்ந்து அவர் ஆக்கிய இலங்கைக் காளான்களின் நிரல், அவர் மறைந்து ஈராண்டின் பின், 1950இல் அச்சேறிற்று.

தியோடர் ஹார்ட்டிக்கைப் பற்றி இன்னொன்று கூறாதுவிடின் நீதியாகாது. 1840ஆம் ஆண்டளவிலே அவர் பைன் மரத்தின் நுனிவேரைச் சீவி, கலங்களைச் சுற்றி வலைபோற் படர்ந்த அமைப்பொன்றை வரைந்து வைத்தார். அதுவும் காளானின் இழையே. மரத்துக்கு நீரும் உப்பும் ஊட்டி உதவும் நட்புக் காளானின் இழை. அதனையும் அவர் காளானென்று அறிந்தாரல்லர். ஆயினும் உண்மையாக நோக்கி, நோக்கியதை உண்மையாக வரைந்தமையால், அது இன்றும் ஹார்ட்டிக் வலை என அவர் பெயராலேயே வழங்குகிறது. கண்டதற்குக் கொள்ளும் பொருள் காலத்தோடு மாறலாம். நேர்மையாகக் கண்ட காட்சி மாறுவதில்லை. தந்தை கண்ட இழையின்றி மைந்தன் உண்மையைக் கண்டிருத்தல் அரிது. மலைக்காட்டு மரமொன்றின் பக்கத்திலே தட்டுப்போல் நீட்டி நிற்கும் காளானைக் காணும்போது, அதைப் பெயர்த்தெறியுமுன் அதன் மேலும் கீழும், அது நிற்கும் மரத்தையும் ஒருமுறை நின்று நோக்குவோமாக.