இனிப்புப் பேணி கூறும் வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் வரலாற்றுச் சான்றுகள் என மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். இனிப்புக் கம்பனிகள் தம் சரக்கை விற்கும்பொருட்டு வழங்கிய சிறு பொருள்களையும் அவ்வரிசையிற் சேர்க்கலாமா என்னும் வினா எமது பிழையொன்றினால் எழுந்தது.

ஆலங்குடாவுக்கு அணித்தாயுள்ள தென்னந்தோட்டமொன்றின் பழைய பங்களாப் பொருள்கள் ஏலத்தில் விற்கப்பட்டபோது, துருவேறிய தகரப்பேணி ஒன்றை வாங்கினோம். அதனுள்ளே சட்டைப் பொத்தான்களும், ஈயக்கோழி ஒன்றும், பிளாஸ்ரிக் ஊதுகுழல் ஒன்றும் இருந்தன. “விக்டோரியா மகாராணி காலத்தது” என்றார் விற்றவர். ஆராயாது நம்பி, அவ்வாறே சீட்டெழுதிப் பள்ளிக் கண்காட்சியில் வைத்தோம். மூடியிலுள்ள அரசர் யார் என்று மாணவன் ஒருவன் வினவியபோதே எம் தவறு புலனாயிற்று.

இத்தகைய பொருள்களின் வரலாறு சுவையுடையது. ஜேர்மனியின் கொலோன் நகரத்து ஸ்ரொல்வேர்க் கம்பனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொக்கலேற்றுடன் வண்ணப்படங்களை வழங்கிற்று. அமெரிக்காவிற் கிராக்கர் ஜாக் என்னும் இனிப்புச் சோளப்பொரிப் பொதிகளில் 1912 முதல் விளையாட்டுப் பொருள்கள் வைக்கப்பட்டன. கட்பரி கம்பனி 1930களிற் கொக்கோவுடன் ஈயத்தாலாய சிறு விலங்குருவங்களை அளித்தது. முடிசூட்டு விழாக்களின்போது பிரித்தானியப் பள்ளிச் சிறார்க்குச் சொக்கலேற்றுப் பேணிகள் வழங்கப்பட்டன.

இனிக் காலங்காணும் முறையை நோக்குவாம். முதலாவது, உருவமும் நாளும். எம் பேணியிற் காணப்படுபவர் ஆறாம் ஜோர்ஜ் மன்னர். நாள் 1937 மே 12. எனினும் நாளை மட்டும் நம்புதல் தகாது. எட்டாம் எட்வேட்டின் முடிசூட்டுக்கும் இதே நாளே குறிக்கப்பட்டிருந்தது. அவரோ 1936 டிசம்பரில் முடிதுறந்தார். அவருருவம் தாங்கிய நினைவுப் பொருள்கள் முன்னரே செய்யப்பட்டுவிட்டமையால், நடவாத விழாவுக்கும் பொருட்சான்று உளதாயிற்று!

இரண்டாவது, கம்பனிப் பெயர். எம் பேணியில் ‘றவுன்றீ, யோர்க்’ என்றுளது. அக்கம்பனி 1969இல் மக்கின்ரொஷ் கம்பனியுடன் இணைந்தது. 1988இல் நெஸ்லேயின் உடைமையாயிற்று. ஆகவே இணைந்த பெயர் காணப்படின் அப்பொருள் 1969க்கு முற்பட்டதாகாது. மூன்றாவது, நாட்டின் பெயர். செய்யப்பட்ட நாடு ‘ஸ்ரீலங்கா’ எனின், அப்பொதி 1972 மே 22ஆம் நாட் பெயர்மாற்றத்துக்குப் பிற்பட்டதெனக் கொள்ளலாம்.

பேணியின் காலம் அதனுள்ளிருந்தவற்றின் காலமாகாது. பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்கள் இரண்டாம் உலகப்போரின் பின்னரே பெருகின. ஊதுகுழல் பின்னாளிற் சேர்ந்தது போலும். கோழியிலோ எக்கம்பனியின் குறியும் இல்லை. இனிப்புடன் வந்ததும் கடையில் தனியே விற்றதும் தோற்றத்தில் ஒத்திருக்குமாதலின், குறியோ பொதியோ இன்றி அதனை ஒரு கம்பனிக்கு உரித்தாக்குதல் முறையன்று. ஈயம் நச்சுத்தன்மையுடையதாகலின், அதனைச் சிறுவர் கையிற் கொடுத்தலும் ஆகாது.

எமது புத்தளம் மாவட்டம் தெங்கு முக்கோணத்துள் அடங்குவது. இம்முக்கோணத்துத் தேங்காய் உலர்ந்த துருவலாகிக் கப்பலேறி மேனாட்டு இனிப்புகளிற் சேர்ந்தது. மேனாட்டு இனிப்புப் பேணியோ இங்கு வந்து பொத்தான் பெட்டியாயிற்று. தோட்டங்களில் வாழ்ந்தோர் எழுதிவைத்தவை மிகச் சில. அவர்தம் வீட்டுப் பொருள்களே எஞ்சிய சாட்சிகள். அவற்றுக்குப் பொய்யான முதுமையை ஏற்றுவோமாயின், அவை கூறவல்ல மெய்யையும் இழப்போம்.

கண்காட்சியில் வைத்த பழைய சீட்டை யாம் அகற்றவில்லை. அதன் கீழே திருத்திய சீட்டை ஒட்டியுள்ளோம். மாணவர் இரண்டையும் படிக்கின்றனர்.