கொடுமுடி என்கிற பெயர்

தாத்தா இறந்தபோது நாளிதழில் கொடுத்த மரண அறிவிப்பில் அவருடைய ஐசியில் இருந்த பெயரை அப்படியே போட்டோம். வயது, ஊர் லாபிஸ், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பழைய தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை. கருமாதி முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் அப்பாவைப் பார்த்த ஒருவர், "என்னாப்பா, கொடுமுடி அண்ணன வெளியவே காணோம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். "பேப்பர்ல பாத்தேனே, யாரோன்னு நெனச்சு திருப்பிட்டேன்."

தாத்தாவைத் தோட்டத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரட்டில் பெயர் வாசிக்கும்போது மட்டும்தான் அந்தப் பெயர். மற்ற நேரமெல்லாம் அவர் கொடுமுடி. எங்கள் குடும்பம் கொடுமுடியிலிருந்து வந்தது என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். பள்ளியில் பூர்வீகம் பற்றி எழுதச் சொன்னபோது அப்படித்தான் எழுதியும் கொடுத்தேன். பிறகு அப்பா சொன்னார், நாங்கள் நாமக்கல் பக்கமாம். கொடுமுடியைத் தாத்தாவும் பார்த்ததில்லை, தாத்தாவின் அப்பாவும் பார்த்ததில்லை.

தாத்தா விட்டுப்போனது ஒரு கிராமபோன் பெட்டியும் நாற்பத்தொரு இசைத்தட்டுகளும். ஐம்பதுகளின் கடைசியில் சிகாமட்டில் யாரோ விற்ற பெட்டியை வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே லாபிஸுக்குக் கொண்டுவந்தாராம். தட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. எல்லாமே 78 சுற்றுத் தட்டுகள், அதாவது அரக்குத் தட்டுகள். வினைல் வருவதற்கு முன்பு உலகம் முழுக்கப் பாட்டைச் சுமந்தது அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் விட்டுவைக்கும் பிசின்தான். அதில் பெரும்பகுதி போனது இந்தியாவிலிருந்து. கீழே விழுந்தால் பீங்கான் தட்டு மாதிரி உடைந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசி மாற்ற வேண்டும். தாத்தா ஒரே ஊசியை ஐந்தாறு முறை ஓட்டுவார் என்பதால் பல தட்டுகளில் குரலைவிட இரைச்சல்தான் அதிகம்.

அந்தப் பெட்டியால்தான் நானும் தட்டு சேகரிக்க ஆரம்பித்தேன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைகளில் சிங்கப்பூர் சுங்கே ரோடு திருட்டுச் சந்தைக்குப் போவேன். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். ஒருமுறை தமிழ்த் தட்டு இருக்கும் என்று நம்பி மொத்தமாக வாங்கிய அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அமெரிக்க ஜாஸ்தான் இருந்தது. பதினைந்து பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுக்கள். டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி. பாட்டு பிடிபடவே ஆறு மாதம் ஆனது. பெயர்கள் உடனே பிடித்துப்போயின. எங்கள் தோட்டத்தில் இருந்த மாதிரியே அங்கேயும் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை!

எலிங்டனின் பெயர் எட்வர்ட். சின்ன வயதிலேயே நறுக்காக உடுத்தி, மிடுக்காக நடந்ததால் கூட்டாளி ஒருவன் பிரபு என்ற பொருளில் 'டியூக்' ஆக்கிவிட்டான். வில்லியம் பேஸிக்குக் கான்சாஸ் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவர் 'கவுன்ட்' என்று பட்டம் சூட்டியதாக ஒரு கதை. பேஸி தானே வைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு வாய் அகலம் என்பதால் பைவாயன் என்கிற மாதிரி ஒரு கிண்டல் பெயர் இருந்தது. அது தேய்ந்து 'சாட்ச்மோ' ஆனது. சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங்குக்கு பில்லி ஹாலிடே வைத்த பெயர் 'பிரெஸ்', அதாவது ஜனாதிபதி. பதிலுக்கு அவர் பில்லியை 'லேடி டே' ஆக்கினார்.

பிரபு, ஜனாதிபதி, சீமாட்டி. நியூ ஆர்லியன்ஸில் 'கிங்' ஆலிவர் என்று ஒரு ராஜாவும் இருந்தார். எல்லாரும் கறுப்பர்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அறுபது வயதுக் கறுப்பரையும் வெள்ளைக்காரர்கள் 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் வாசித்த பல கிளப்புகளில் அவர்களுடைய சொந்தக்காரர்களே உள்ளே போக முடியாது. நியூயார்க்கில் எலிங்டனைப் புகழ்பெறச் செய்த காட்டன் கிளப்பில் மேடையில் இருந்தவர்கள் கறுப்பர்கள், மேசையில் இருந்தவர்கள் வெள்ளையர்கள். 'மிஸ்டர்' என்று ஒரு வார்த்தையை ஊர் தர மறுத்ததால் அவர்கள் நேராகச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது தாத்தாவின் பெட்டியில் இருந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை தட்டு. நாதஸ்வரச் சக்கரவர்த்தி. நாதஸ்வரக்காரர்கள் கோயிலில் நின்றுகொண்டும் ஊர்வலத்தில் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டியவர்கள். பெரிய மனிதர்கள் முன்னால் துண்டு தோளில் இருக்கக் கூடாது, இடுப்புக்கு வந்துவிட வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். வாத்தியத்தின் நீளத்தைக் கூட்டிச் சுருதியைக் கீழே கொண்டுவந்தார். அந்தப் பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. 1956-இல் ராஜரத்தினம் பிள்ளை இறந்தபோது சக்கரவர்த்தி என்பது வெறும் அலங்காரமாக இல்லை. இடுப்புத் துண்டுக்குச் சொன்ன பதிலாக இருந்தது.

ஆனால் தமிழ்த் தட்டுகளில் ராஜாக்கள் குறைவு, ஊர்கள்தான் அதிகம். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி, காருகுறிச்சி என்று அடுக்கினால் ஒரு ரயில்வே அட்டவணையே வந்துவிடும். ஊருக்கு அடுத்தபடி வாத்தியம்: வீணை தனம்மாள், புல்லாங்குழல் மாலி. அதற்கும் அடுத்து ராகம். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் சென்னையில் இருந்ததால் 'பட்டணம்' ஆனார், பேகடாவில் அவருக்கு இருந்த பிடியினால் 'பேகடா' என்றும் ஆனார். தஞ்சாவூர் சரபோஜி காலத்துத் 'தோடி' சீதாராமய்யர் பணமுடையில் தோடி ராகத்தையே அடகு வைத்ததாகவும், அதை மீட்கும்வரை பாட மாட்டேன் என்றதால் ராஜாவே கடனை அடைத்ததாகவும் ஒரு கதை உண்டு. வட்டிக்கடைக்காரர் ராகத்தை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டினாரோ!

சில பெயர்கள் பொய்யும் சொல்லும். ஆலத்தூர் சகோதரர்கள் சகோதரர்களே இல்லை. ஒருவருடைய அப்பாவிடம் மற்றவர் பாட்டு கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். பாபநாசம் சிவனின் பெயர் ராமய்யா, பிறந்தது போலகம். உடம்பெல்லாம் விபூதி பூசிப் பாடிக்கொண்டு வந்தவரைப் பார்த்த கணபதி அக்கிரஹாரத்து ஜனங்கள், பாபநாசத்துச் சிவனே வந்த மாதிரி இருக்கிறது என்றார்களாம். போலகம் ராமய்யா அதோடு போனார்.

தட்டில் பெயர் ஏறுவதற்கு ஒரு தொழில் காரணமும் இருந்தது. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடியும் இடத்தில் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு அது திமிர் மாதிரி இருக்கும். அப்போது தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில். எந்தப் பாட்டு யாருடையது என்று அங்கே வேலை செய்கிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்தக் குரல். 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பிறகு 1930-களில் ஏவி. மெய்யப்ப செட்டியாரின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனது. தாத்தாவின் பெட்டியிலும் ஓடியன் தட்டுகள் உண்டு.

பெண்களின் பெயர் விஷயம் வேறு. கோயம்புத்தூர் தாயி என்று தட்டில் அச்சானவரின் பெயர் பழனி குஞ்சரம். அவருடைய தட்டைக் கேட்டு மயங்கிய மொரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசைக்காரர் 'ராகமாலிகா' என்று ஒரு படைப்பே எழுதினார். பிறகு வந்தவர்களுக்கு முதலெழுத்துகள் வந்தன. அந்த எழுத்துகளை விரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எம். எஸ். சுப்புலட்சுமியின் 'எஸ்' அம்மா சண்முகவடிவு. எம். எல். வசந்தகுமாரியின் 'எல்' அம்மா லலிதாங்கி. கே. பி. சுந்தராம்பாளின் 'கே' கொடுமுடி, 'பி' அம்மா பாலாம்பாள். ஊர் ஓர் எழுத்து, அம்மா ஓர் எழுத்து. அப்பாவின் பெயர் இல்லாமலே இவர்கள் மூன்று பேரும் தமிழ்நாட்டின் எல்லா வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தார்கள்.

1908-இல் கொடுமுடியில் பிறந்து, சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண் கே. பி. சுந்தராம்பாள். இலங்கை நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பா 1933-இல் இறந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறினார். 1935-இல் வந்த நந்தனார் படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடித்து ஒரு லட்ச ரூபாய் வாங்கினார். பின்னாளில் சட்ட மேலவைக்கும் போனார்.

தாத்தாவின் நாற்பத்தொரு தட்டில் பதினொன்று அவருடையவை. அப்படியானால் தாத்தாவுக்குக் கொடுமுடி என்ற பெயர் வந்த காரணம் இதுதான் என்று முடிவு செய்தேன். எப்போதும் கொடுமுடி தட்டு போடுகிறவர், அதனால் கொடுமுடி. கணக்கு சரியாக வந்தது.

சரியாக வராதது ஒன்று இருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது தாத்தா என்னைத்தான் பெட்டிக்குச் சாவி கொடுக்கச் சொல்வார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. பாட்டு ஓடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏத்து. இன்னும் கொஞ்சம். அம்மா பாடுன மாதிரி இல்ல" என்பார். சுந்தராம்பாளை மரியாதையாக அம்மா என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னாளில் தட்டுகளைக் கணினியில் ஏற்றும்போது அளந்து பார்த்தேன். தாத்தா வைத்த இடத்தில் திருகை வைத்தால் தட்டு நிமிடத்துக்கு 82, 83 சுற்று ஓடுகிறது. 78-க்குப் பதில் அந்த வேகத்தில் ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். அது சுந்தராம்பாளின் சுருதியே இல்லை. காது நன்றாகக் கேட்கிற ஒரு மனிதர் வாழ்க்கை முழுக்க ஏன் தப்பான சுருதியில் கேட்டார்?

போன வருடம் சாஆவில் ஒரு கல்யாணத்தில் எங்கள் பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவரைப் பார்த்தேன். எண்பது தாண்டியவர். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். கொடுமுடி பேரன் என்றேன்.

"கொடுமுடி மவன் பேரன்னு சொல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "கொடுமுடின்னா ஒங்க தாத்தாவோட அம்மா, தம்பி. எங்க நெரைக்குப் பக்கத்து நெரையில மரம் வெட்டுவாங்க. இருட்டுல, விளக்கு தலையில கட்டிக்கிட்டு, சுந்தராம்பா பாட்ட எடுத்தாங்கன்னா மூணு நெரை தள்ளிக் கேக்கும். அதுலதான் நாங்க பயமில்லாம மரத்துக்கு மரம் போவோம். ஒங்க தாத்தாவ கொடுமுடி மவன்னு கூப்பிடுவோம். அந்தம்மா போனதுக்கப்புறம் மவன் உதுந்து போச்சு, கொடுமுடி நின்னுச்சு."

அவருடைய உண்மையான பெயர் என்ன என்று கேட்டேன். பாட்டி ரொம்ப நேரம் யோசித்தார். "கொடுமுடின்னுதான் கூப்பிடுவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதங்களைத் தேடினேன். தாத்தாவின் ஐசியில் ஏ/எல் என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் அவருடைய அப்பாவின் பெயர் இருக்கிறது, அதுவும் எழுதியவர் காதில் விழுந்த எழுத்துகளில். அனாக் லெலாக்கி, இன்னாருடைய மகன். அம்மாவின் பெயருக்கு அதில் இடமில்லை. படம் ஒன்றும் இல்லை. இடிந்துபோன லயத்தோடு மற்றதெல்லாம் போயிருக்க வேண்டும். அப்பாவுக்கு அவருடைய பாட்டியின் முகம் லேசாக நினைவிருக்கிறது, பெயர் தெரியாது. "அப்பாயின்னுதானடா கூப்பிட்டோம்" என்றார்.

ஆக, அந்தப் பெண் இந்த நாட்டில் விட்டுப்போனவை இரண்டு. மகன் மேல் ஒட்டிக்கொண்ட ஒரு பட்டப்பெயர். ஒரு கிராமபோன் பெட்டியின் திருகில் அரைக்கட்டை அதிகமாக நிற்கிற சுருதி. சுந்தராம்பாளின் 'பி' மாதிரி எங்கள் தாத்தாவுக்கும் அம்மா பெயர் முன்னால் இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதை ஊர்ப்பெயர் என்று நினைத்து அறிவிப்பிலிருந்து எடுத்துவிட்டோம்.

தட்டுகளை நான் இப்போது இரண்டு முறை பதிவு செய்கிறேன். ஒன்று 78-இல், சுந்தராம்பாளுக்கு. இன்னொன்று தாத்தாவின் வேகத்தில்.

ஓராண்டு நினைவஞ்சலிக்கு விளம்பரம் கொடுக்கப் போனபோது, பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கொடுமுடி' என்று போடச் சொன்னேன். எழுத்து கூடினால் காசு கூடும் என்றார்கள். பரவாயில்லை என்றேன். அன்று காலையிலிருந்து அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெக்கோக்கிலிருந்து ஒருவர், குளுவாங்கிலிருந்து ஒருவர், ஜொகூர் பாருவில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய தண்டல். எல்லாரும் முதலில் திட்டினார்கள். ஒரு வருடம் கழித்தா சொல்வது என்று. அப்பா எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவரே ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார்: "அண்ணே, எங்க அப்பாயி பேரு ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

இன்னும் யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.