மாறும் விண்மீன்



விண்மீன்கள் மாறுவதில்லை என்று நானும் பல ஆண்டுகள் பிரசங்க பீடத்திலிருந்து உவமை சொல்லிவந்தேன். தேவனுடைய மாறாத தன்மையை விளக்க அது எளிதாகக் கைக்குக் கிடைத்தது. அது பிழை. அப்பிழையைக் காட்டிய விண்மீனை முதலில் குறித்துவைத்தவரும் ஒரு சபைப் போதகரே.

ஜெர்மனியின் வடகடலோரத்தில் ஊழியஞ்செய்த தாவீது பாப்ரிசியுஸ், 1596 ஆகஸ்டில் திமிங்கில மண்டலத்தில் ஒரு விண்மீனைக் கண்டார். அது சில வாரங்களில் மங்கி மறைந்தது. 1609இல் அதனை மீண்டும் கண்டார். ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குகிறதென்பது அவருக்குப் பின்வந்தோரால் தெளிவாயிற்று. 'வியப்புக்குரியது' என்னும் பொருளில் அதற்கு மீரா என்று பெயரிட்டனர். (வாத்து திருடியவனைப் பீடத்திலிருந்து சுட்டியதால் 1617இல் பாப்ரிசியுஸ் கொலையுண்டார் என்பர். போதகர்கள் கவனிக்கத்தக்க செய்தி!)

நம் நாட்டிலும் இதற்கொரு சரித்திரம் உண்டு. சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சனின் முதல் உதவியாளராயிருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நாள்தோறும் விண்மீன்களின் இடத்தை அளந்து அட்டவணைக்குத் தருவதே அவர் வேலை. சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அந்த அளவைகளுக்கிடையே, 1867இல், தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு விண்மீன் ஒளிமாறுவதை அவர் கண்டுகொண்டார். மீராவின் இனத்தைச் சேர்ந்த அது ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை பெருகிக் குறைகிறது. 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பார்கள்?

இவ்விண்மீன்கள் முதிர்ந்த செங்கோளங்கள்; விம்மித் தணிகின்றன. விரிந்து குளிரும்போது அவற்றின் மேலடுக்கில் உருவாகும் மூலக்கூறுகள் கட்புலனாகும் ஒளியை விழுங்கிவிடுவதால் அவை மங்குகின்றன. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப்பின் நம் சூரியனும் இந்நிலையை அடையுமென்று கணிக்கின்றனர். ஒவ்வொரு துடிப்பிலும் அவை வெளியே தள்ளும் தூசியில் கார்பன் போன்ற தனிமங்கள் உண்டு. நம் உடல் உருவான மண்ணுக்கும் அத்தகைய தூசி வந்துசேர்ந்திருக்கிறது. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை இப்போது வாசிக்கையில் சற்று நின்றுவிடுகிறேன்.

ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் அம்மையாரும் உறங்கும் நம் வாழவந்தியில், தை மாத முன்னிரவில் தெற்கே மரங்கள் மறைக்காத மேட்டில் நின்று பாருங்கள். அகத்திய விண்மீனுக்குக் கீழே, சற்று மேற்கே, அடிவானத்தையொட்டி ரகுநாதாச்சாரியின் விண்மீன் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது.