ஒரு விளம்பரமும் ஏழு மணி நேரமும்

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக்குப் புதுசா வாங்கப்போகிற சர்வரில் விண்டோஸா, லினக்ஸா என்பதுதான் விஷயம். "விண்டோஸ் எப்ப வேணும்னாலும் படுத்துரும்"னு ஒருத்தர். "லினக்ஸ் படுத்தா எழுப்ப நம்மகிட்ட ஆள் இல்ல"ன்னு இன்னொருத்தர். கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தீர்ப்பு சொல்லாமல் ஒரு கதை சொன்னேன். இன்றைய எபிசோட் அந்தக் கதைதான்.

இடம், லண்டன் பங்குச் சந்தை. 2007 ஜூன் மாதம் அங்கே டிரேட்எலெக்ட் என்ற புதிய வர்த்தக அமைப்பு ஓடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சர்வர், டாட்நெட் ஆகியவற்றின் மேல் கட்டப்பட்டது. கட்டுவதில் கூட இருந்தது அக்செஞ்சர் நிறுவனம். அந்தக் காலத்தில் மைக்ரோசாஃப்ட், லினக்ஸுக்கு எதிராகப் பெரிய விளம்பரப் போர் நடத்திக்கொண்டிருந்தது. அதில் லண்டன் பங்குச் சந்தையையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்பகத்தன்மைக்காக லினக்ஸை விட்டுவிட்டு எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள் என்பதுதான் அந்த விளம்பரத்தின் சாரம். நம்ம டீக்கடைச் சண்டைதான், கோடிக்கணக்கான செலவில்!

அடுத்து 2008 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. முந்தைய நாள்தான் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்களை அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்திருந்தது. உலகச் சந்தைகள் துள்ளி ஏறின. வாங்கவும் விற்கவும் எல்லோரும் துடித்த நாள். அன்று காலையில் லண்டன் சந்தை நின்றுபோனது. கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். திரும்ப வந்தபோது சந்தை மூட அரை மணி நேரம்தான் பாக்கி. அதே அமைப்பை நம்பியிருந்த ஜோகன்னஸ்பர்க் சந்தையும் சேர்ந்து நின்றது. தரகர்களுக்கு அந்த வருஷத்தின் மிகப் பெரிய வியாபார நாட்களில் ஒன்று கையைவிட்டுப் போனது.

லினக்ஸ் ஆதரவாளர்கள் விடுவார்களா? விளம்பரத்தைத் தேடி எடுத்து இணையம் முழுக்கக் கிண்டல் செய்தார்கள். ஆனால் கோளாறுக்கு விண்டோஸ்தான் காரணம் என்று சந்தை நிர்வாகம் சொல்லவில்லை. ஒரு வர்த்தக அமைப்பில் இயங்குதளம் அடித்தளம் மட்டும்தான். அதற்கு மேலே டேட்டாபேஸ், வர்த்தக மென்பொருள், நெட்வொர்க் என்று மாடி மாடியாக இருக்கும். எந்த மாடியில் விரிசல் விட்டாலும், வெளியே இருப்பவருக்கு "கட்டடம் சாஞ்சிருச்சு" என்றுதான் தெரியும்.

இப்போது கதை நமக்குப் பக்கத்தில் வருகிறது. 2009-இல் லண்டன் பங்குச் சந்தை, மில்லெனியம்ஐடி என்ற நிறுவனத்தை 3 கோடி டாலருக்கு வாங்கியது. எந்த ஊர் நிறுவனம் தெரியுமா? இலங்கை! கொழும்புக்குப் பக்கத்தில் மாலபே. அவர்கள் எழுதிய வர்த்தக அமைப்பு லண்டனில் லினக்ஸ் மேல் ஓடப்போகிறது என்று முடிவானது.

"அப்போ விண்டோஸ் தோத்துடுச்சு" என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முக்கியக் காரணம் வேகமும் செலவும். 2007 முதல் சை-எக்ஸ் போன்ற புதிய போட்டியாளர்கள் வந்திருந்தார்கள். ஒரு ஆர்டர் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பதில் வியாபாரமே இடம் மாறியது. டிரேட்எலெக்ட்டால் அந்த ஓட்டத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை.

புதிய அமைப்பை லண்டன் சந்தையின் துணை நிறுவனமான டர்குவாய்ஸில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். 2010 நவம்பர் 2-ஆம் தேதி அது சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. மனிதத் தவறு என்றார்கள். முதன்மைச் சந்தையை மாற்றும் தேதியை 2011-க்குத் தள்ளினார்கள். கடைசியில் 2011 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, முதன்மைச் சந்தை லினக்ஸுக்கு மாறியது. பதினோரு நாள் கழித்து, பிப்ரவரி 25-ஆம் தேதி, அதுவும் நின்றது. சுமார் நான்கு மணி நேரம். இந்த முறை கிண்டல் செய்ய விண்டோஸ் இல்லை!

இதைச் சொன்னதும் டீக்கடை விண்டோஸ் எதிர்ப்பாளர் 2024-ஐ இழுத்தார். நியாயம்தான். அந்த வருஷம் ஜூலை 19-ஆம் தேதி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மேக், லினக்ஸ் கணினிகள் தப்பின. ஆனால் தவறான அப்டேட்டை அனுப்பியது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம். அதன் மென்பொருள் விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஓடும். அதனால்தான் அது விழுந்ததும் கணினியும் விழுந்தது. அப்படி உள்ளே விட்டது விண்டோஸின் பலவீனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அதே நிறுவனத்தின் மென்பொருள் சில மாதங்கள் முன்னால் சில லினக்ஸ் சர்வர்களையும் சாய்த்திருந்தது. ஜூலையில் பெரிய தப்பு என்னவென்றால், கொஞ்சம் கணினிகளில் போட்டுப் பார்க்காமல் அந்த அப்டேட்டை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பியது.

லண்டன் கதையில் எனக்குப் பிடித்த இடம், டர்குவாய்ஸ் நின்றதும் தேதியைத் தள்ளிப்போட்ட அந்த முடிவு. சிறிய இடத்தில் ஓட்டிப் பார்த்து, அங்கே விழுந்ததைப் பார்த்துப் பெரிய இடத்தை நிறுத்தி வைத்தார்கள். பிறகும் விழுந்தார்கள், சரி. ஆனால் தயங்க வேண்டிய இடத்தில் தயங்கினார்கள்.

அதனால் அந்த இரண்டு பேரிடமும் நான் கேட்டது மூன்றே கேள்விதான். அப்டேட்டை முதலில் எந்தக் கணினியில் போட்டுப் பார்ப்பீங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா போன் யாருக்கு அடிக்கும்? பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?

முதல் இரண்டுக்குத் தடுமாறி ஏதோ சொன்னார்கள். மூன்றாவதற்கு இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். உங்கள் ஆபீசிலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.